எரு முதலில் ஆறட்டும், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய மிளகாய்ச் செடி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை நுனியும் ஓரமும் காப்பிக் கலரில் காய்ந்து சுருண்டிருக்கிறது, நடு நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. மருந்து எதையும் வாங்கி அடித்துவிடாதே. மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்த பிராய்லர் கோழி எரு மக்காமல், சூடு ஆறாமல் செடிப் பைக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். அவரை ஒன்றும் சொல்லாதே. எரு நல்ல எருதான், இரண்டு மாதம் முந்திவிட்டது.

முதலில் பைகளைக் காப்பாற்று. மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துத் தனியாக ஒரு சாக்கில் போட்டு வை, பிறகு அதற்கும் வேலை இருக்கிறது. மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது உப்பு. அது கரைந்து வெளியேற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பைக்கு ஐந்து லிட்டர் வீதம், ஊற்றியதில் பாதியாவது அடி ஓட்டை வழியாக வடியும்படி மெதுவாக ஊற்று. மறுநாளும் அப்படியே செய். அடி ஓட்டை அடைத்திருந்தால் ஆணியால் குத்தி விடு, இல்லையென்றால் வேர் அழுகிவிடும். பிறகு இரண்டு வாரத்துக்கு வெறும் தண்ணீர் தவிர எதுவும் காட்டாதே. கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்படாதே. கொழுந்து பச்சையாக வருகிறதா என்று மட்டும் பார்.

ஏன் சுட்டது என்று கேட்டிருந்தாய். கோழிக்குச் சிறுநீர் தனியாகப் போகாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவதுதான் அது, யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றும். மூட்டையைத் திறந்தபோது கண் கரித்திருக்குமே, அந்தக் காற்றுதான் பைக்குள் இளம் வேரைச் சுடுகிறது. கூடவே எருவில் உள்ள உப்பு, மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரைக் குடிக்க விடாது. வயல்காட்டில் போட்டால் மழையும் மண்ணும் பங்கு போட்டுக்கொள்ளும். ஓர் அடிப் பைக்குள் போட்டால் எல்லாம் அந்த ஒரு செடியின் தலையில்தான் விழும்.

இன்னொன்று, அளவு. 100 கிலோ தொழு உரத்தில், அதாவது மக்கிய மாட்டுச் சாண எருவில், தழைச்சத்து (நைட்ரஜன்) அரை கிலோதான் இருக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 200 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) அரை கிலோ. அதே 100 கிலோ கோழி எருவில் தழை 3 கிலோ, மணி 2.6, சாம்பல் 1.4. ஆட்டு எருவில் தழை 3, மணி 1, சாம்பல் 2. தீனிக்கும் ஈரத்துக்கும் தக்கபடி கொஞ்சம் கூடும் குறையும். ஆக, சாண எரு போட்டுப் பழகிய கை அதே இரண்டு கைப்பிடி கோழி எருவை அள்ளினால், தழைச்சத்து ஆறு மடங்கு விழுகிறது. அளவில் சரியாக இருந்தும் மக்காமல் போட்டால் சுடும், மக்கினதாக இருந்தும் அளவு மீறினால் செடி காய்க்காமல் இலையாகத் தள்ளும், அசுவினிப் பூச்சி வந்து ஒட்டும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

மீதி இரண்டு மூட்டையையும் பின்பக்கம் சுவரோரம் நிழலில் குவித்து மக்க வை. இப்போது வைகாசி பாதி. ஆடிப்பெருக்குக்குச் சரியாக வரும். இரண்டு மூட்டை எருவுக்கு ஆறு மூட்டை காய்ந்த இலை வேண்டும். உங்கள் தெருவில் பூவரசும் புங்கையும் உதிர்த்துக்கொண்டே இருக்குமே, அது போதும். ஒரு முழ உயரம் இலை, மேலே நாலு விரல் எரு, தண்ணீர் தெளிப்பு, மறுபடி இலை. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று அடியாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சூடு உள்ளே தங்காது, ஆறு மாதமானாலும் இலை இலையாகவே கிடக்கும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழி. விரலிடுக்கில் நீர் கசிந்து மின்ன வேண்டும், சொட்டக் கூடாது. மேலே நனைத்த சணல் சாக்கைப் போட்டு மூடு. பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் அழுகும். மழை வந்தால் மட்டும் ஒரு தகரத்தைச் சாய்த்து வை.

மூன்றாம் நாள் நான்காம் நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். வரவேண்டும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். பத்து நாளுக்கு ஒரு முறை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளி, உள்பக்கத்தை வெளியே இழுத்துப் புரட்டு. மூக்குதான் உனக்கு வழி சொல்லும். கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால் இலை போதவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு மூட்டை இலை சேர். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், பிரித்து ஆற விட்டுத் திரும்பக் குவி. ஈ மொய்த்தால் மேலே இரண்டு அங்குலம் காய்ந்த மண் தூவு. சாம்பலையும் சுண்ணாம்பையும் இந்தக் குவியலில் சேர்க்காதே. சேர்த்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மிஞ்சுவது சக்கைதான். சுரண்டி வைத்த மேல்மண்ணை இரண்டாவது புரட்டலில் இதிலேயே கொட்டிவிடு.

மக்கிவிட்டதா என்று பார்க்க ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பார். கம்பி சுட்டால் இன்னும் ஆகவில்லை. ஆறியிருந்தால், புரட்டி இரண்டு நாள் கழித்து மறுபடி செருகு. திரும்பச் சூடேறினால் நடுவில் ஈரம் வற்றி வேலை நின்றிருந்தது என்று பொருள், தண்ணீர் தெளித்து விடு. ஏறவில்லை என்றால் கடைசிச் சோதனை: எருவும் மண்ணும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு தேங்காய்த் தொட்டியில் பத்துப் பச்சைப்பயறு, வெறும் மண்ணில் பத்து. ஐந்தாம் நாள் இரண்டையும் பிடுங்கி வேரைப் பார். எருத் தொட்டியில் குறைந்தது எட்டுப் பயறு முளைத்து, வேர் வெள்ளையாக நீண்டிருந்தால் தைரியமாகப் போடலாம். நுனி பழுப்பாகி மொண்டியாக நின்றால் இன்னும் பதினைந்து நாள் பொறு. பயறு பொய் சொல்லாது.

ஆடிக்குப் போடும்போது அளவு இப்படி வைத்துக்கொள். கொல்லையில் உனக்கு அரை சென்ட் இடம் இருக்கிறது. காய்கறிக்குத் தொழு உரம் எக்டேருக்கு 25 டன் என்பது கணக்கு, அது சென்டுக்கு 100 கிலோ. ஆக உனக்கு 50 கிலோ. அதற்குப் பதில் இந்த மக்கிய கோழி எரு என்றால் 10 கிலோ போதும். இரண்டும் போடுவதானால் இரண்டையும் பாதியாக்கு. பைக்குச் செம்மண், கழுவிய தென்னைநார்க் கழிவு, தொழு உரம் மூன்றும் சம பங்கு, கூட 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கலந்து நனைத்துப் பத்து நாள் வைத்த பிறகு நாற்று நடு. நார்க் கழிவைக் கழுவாமல், மக்காமல் வாங்கிப் போட்டால் அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். இவ்வளவு எரு போட்டும் வெளுக்கிறதே என்று பலர் திகைப்பது இதனால்தான்.

தொழு உரத்தை அங்கே நர்சரியில் வாங்குகிறாய் என்றால் பார்த்து வாங்கு. ஒரு பிடி எடுத்து டம்ளர் தண்ணீரில் கலக்கி விட்டுப் பார், பாதி டம்ளர் மணலாக அடியில் உட்கார்ந்தால் நீ வாங்குவது மண்தான். வாங்கியதைச் சல்லடையில் சலிக்காமல் போடாதே. வெள்ளையாக, தடியாக, வளைந்து படுத்திருக்கும் புழு கண்ணில் பட்டால் பொறுக்கிவிடு. அதில் காண்டாமிருக வண்டின் புழுவும் இருக்கும், அது வண்டாகிப் பறந்து அக்கம்பக்கத்துத் தென்னங்குருத்தைக் குடையும். வேர்ப்புழுவாக இருந்தால் பைக்குள்ளேயே வேரைத் தின்று செடியைச் சாய்க்கும். இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், கோழி வளர்க்கிறவர் யாராவது இருந்தால் கொடுத்துவிடு.

ஆட்டுப் புழுக்கை ஒரு மூட்டை பார்சல் போட்டு விடுகிறேன். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று சொல்வார்கள், அவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும். ஆனால் புழுக்கையாகவே பையில் போட்டால் கோலிக்குண்டு மாதிரி மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் நசுக்கி, சாணக் கரைசல் தெளித்து இரண்டு மாதம் மூடி வை. தக்காளிக்கும் கத்திரிக்கும் பூ எடுக்கும் சமயத்தில் பைக்கு ஒரு கைப்பிடி, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. அதில் சாம்பல்சத்து இருப்பதால் காய்ப்புக்கு நல்லது.

இனி கரைசல்கள். நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலில் பதினோரு கரைசல் இருந்தது. இருபது பைக்கு அவ்வளவும் வேண்டாம். கடலைப் புண்ணாக்கும் மீன் அமிலமும் இருந்தால் வருஷம் ஓடிவிடும்.

கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம் தழைச்சத்து. 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊற வை, தினம் ஒரு முறை கிண்டு. தெளிவை வடிகட்டிப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் பைக்குக் கால் லிட்டர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அடிவண்டலைப் பையில் கொட்டாதே, பூஞ்சணமும் எறும்பும் புழுவும் அதில்தான் வரும். அதை எருக்குவியலில் போடு. நாற்று நட்டு மூன்று வாரம் வரை கொடுக்காதே. பூ வந்த பிறகு மாதம் ஒரு முறை போதும்.

மீன் அமிலத்துக்கு மீன் கழிவு ஒரு கிலோ, நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ. மீனைக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது. அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடு, கண்ணாடி வேண்டாம், காற்று அழுத்தி வெடிக்கும். மேலே கால் பங்கு காலியாக இருக்கட்டும். முதல் பத்து நாள் தினமும் மூடியை லேசாகத் திறந்து காற்றை விட்டு மூடு. நாலைந்து நாளில் சர்க்கரை இளகி மீன் அதில் மிதக்கும். இருபத்தைந்து நாளில் முள் மட்டும் அடியில் நிற்க, தேன் நிறத்தில் கெட்டியாகத் திரவம் கிடைக்கும், பழுத்த பழ வாசனை வரும். பிண நாற்றம் வந்தாலோ புழு நெளிந்தாலோ சர்க்கரையைக் குறைத்துவிட்டாய், அல்லது ஈரம் புகுந்துவிட்டது. லிட்டருக்கு 5 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாலையில் தெளி. அதற்கு மேல் போனால் இலை கருகும். ராத்திரி பூனை வந்து பையைக் கிளறாமல் பார்த்துக்கொள்.

பஞ்சகவ்யம் நல்ல பொருள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய முறைப்படி சாணம் 7 கிலோ, நெய் 1 கிலோ பிசைந்து மூன்று நாள், பிறகு கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் சேர்த்துப் பதினைந்து நாள், அதன்பின் பால், தயிர், இளநீர், வெல்லம், பூவன் பழம் என்று சேர்த்து மொத்தம் ஒரு மாதம் ஆகும். நகரத்தில் இருபது பைக்காக ஒரு கிலோ நெய் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை. வேண்டுமென்றால் செய்து விற்கும் விவசாயியிடம் அரை லிட்டர் வாங்கிக்கொள். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, துணியில் இரண்டு முறை வடிகட்டு, இல்லையென்றால் தெளிப்பான் மூக்கு அடைக்கும்.

ஜீவாமிர்தம், இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுக்கும் பாலேக்கர் சொன்னது ஏக்கருக்கு 200 லிட்டர். செய்வதானால் உனக்கு 20 லிட்டர் போதும்: சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், கடலை மாவு 200 கிராம், ரசாயனம் படாத மரத்தடி மண் ஒரு பிடி. நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கலக்கி, ஒரு வாரத்துக்குள் ஊற்றிவிடு. இதில் சத்து கொஞ்சம்தான். மண்ணில் இருக்கும் மக்கை உடைத்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களைப் பெருக்குவதுதான் இதன் வேலை. எரு இல்லாத மண்ணில் இதை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் பலன் தெரியாது.

கோமியத்தை ஒருபோதும் நேராக ஊற்றாதே, ஒன்றுக்குப் பத்து தண்ணீர். முட்டை ஓட்டை முழுதாகப் போட்டால் வருஷக்கணக்கில் ஓடாகவே இருக்கும், மிக்ஸியில் மாவாக்கு. தக்காளியின் அடி கறுத்துப்போனால் உடனே முட்டை ஓட்டைத் தேடாதே, பெரும்பாலும் ஒரு நாள் தண்ணீர் விட்டு இரண்டு நாள் மறப்பதால் வருவது. நாய், பூனை எச்சம் எந்தக் குவியலிலும் வேண்டாம், அதிலுள்ள புழுவும் கிருமியும் மனிதருக்கு ஒட்டும்.

கீரைப் பாத்தியில் மட்டும் பச்சைச் சாணக் கரைசல் கூடவே கூடாது, கண்ணு. அமெரிக்க இயற்கை விவசாய விதியில்கூட, மக்காத எரு போட்டால் மண்ணில் படும் விளைச்சலுக்கு 120 நாளும், மற்றதற்கு 90 நாளும் கழித்துத்தான் அறுக்க வேண்டும். நம் கீரை 25 நாளில் வந்துவிடும், அதுவும் பேரன் அரைக்கீரையைப் பறித்து அப்படியே வாயில் போடுகிறான் என்கிறாய். கீரைக்கு விதைக்கும் முன் நன்றாக மக்கிய எருவும் மண்புழு உரமும் மட்டும். எருவைத் தொடும்போது கையுறை போடு. கையில் கீறல் இருந்தால் அன்றைக்குத் தொடாதே. டிடி ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் நீயும் மாப்பிள்ளையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கொட்டும் மழையில் பையிலுள்ள சத்தெல்லாம் ஓட்டை வழியே போய்விடும். அந்த இரண்டு மாதம் கரைசல் ஊற்றி வீணாக்காதே. எருவில் பாதியை எடுத்து நனையாமல் வைத்திருந்து, மழை விட்டதும் மார்கழிக் கடைசியில் பைக்கு இரண்டு கைப்பிடி வீதம் மேலே போட்டு, இலைச் சருகால் மூடிவிடு.

புழுக்கை வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வரும். சாக்கை நனையாமல் இறக்கச் சொல். குவியலில் கம்பி சூடு எப்படி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா