அட்ரியாட்டிக் தீவுக்கு ஒரு நாள் பயணம்: ஐந்து தீவு வேண்டாம், ஒன்று போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் குரோஷியா நாட்டுக் கடற்கரையைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், ஸ்பிளிட் நகரிலிருந்து ஒரே நாளில் ஐந்து தீவுகளையும் பார்த்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். வேலை விஷயமாக ஐரோப்பா போய்வருவதால், சொந்தத்தில் யார் அந்தப் பக்கம் கிளம்பினாலும் திட்டம் போட என்னிடம் வந்துவிடுவார்கள். போன செப்டம்பரில் அப்பா, அம்மா, அத்தை, வீட்டுக்காரர், மகள் எல்லோருமாக ஸ்பிளிட் போய், அங்கிருந்து ஹ்வார் தீவுக்கு ஒரு நாள் படகில் போய்வந்தோம். அந்த ஒரு நாளுக்கு என்னென்ன பார்க்க வேண்டியிருந்தது என்று எழுதினால், இந்த வருடம் கிளம்ப நினைக்கிற நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு உதவும்.

கொங்கு நாட்டில் கடல் கிடையாது. நமக்குப் பழகிய தண்ணீர் காவிரி, பவானி, நொய்யல், அமராவதிதான். பரிசலில் ஏறியிருப்போம், ராமேஸ்வரத்திலும் திருச்செந்தூரிலும் கடலில் முழுகியிருப்போம். காலையில் கடலைத் தாண்டி ஓர் ஊருக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பழக்கம் நமக்கு இல்லை. திருப்பூரிலிருந்து கோவைக்கு ஒரு பஸ் போனால் பின்னாலேயே அடுத்தது நிற்கும். அந்த நினைப்பிலேயே தீவுக்கும் திட்டம் போடுகிறோம். அங்கே கடைசிப் படகு போய்விட்டால் மறுநாள் காலை வரை தீவில்தான் இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் திடீரென்று அறை தேடுவதும் கஷ்டம்.

அதனால் நான் திட்டத்தைச் சாயங்காலத்திலிருந்து பின்னோக்கிப் போடுவேன். அன்றைக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு, அதற்கு முந்தையது எத்தனை மணிக்கு என்று முதலில் பார்த்துவிடுவேன். முந்தைய படகில் திரும்புவதாக வைத்துக்கொண்டால், தவறினாலும் கையில் இன்னொன்று இருக்கும். தீவில் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்பதும் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

அடுத்தது துறைமுகம். ஹ்வார் தீவில் இதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது. ஸ்பிளிட்டிலிருந்து போகும் பெரிய கார் ஃபெர்ரி ஸ்டாரி கிராட் என்ற ஊர்ப் பக்கம் நிற்கும். சுமார் இரண்டு மணி நேரப் பயணம். கேட்டமரான் என்கிற வேகமான பயணிகள் படகு ஹ்வார் நகரத்துக்கே போகும். ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் இருபது கிலோமீட்டர். போகும்போது ஓர் ஊரில் இறங்கி, திரும்பும் டிக்கெட்டை மற்ற ஊரிலிருந்து எடுத்திருந்தால், நடுவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தவிர, ஸ்டாரி கிராட் ஃபெர்ரித் துறையும் ஊருக்குள்ளே இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

வயதானவர்கள் கூட வருவதாக இருந்தால் என் ஓட்டு கார் ஃபெர்ரிக்குத்தான். கேட்டமரானில் ஓர் இருக்கையில் கட்டிப்போட்டதைப் போல உட்கார வேண்டும். கூட்ட நாட்களில் டிக்கெட்டும் தீர்ந்துவிடும். ஃபெர்ரியில் நடக்கலாம், மேல்தளத்தில் காற்று வாங்கலாம், கழிப்பறைக்குச் சுலபமாகப் போய்வரலாம். முழங்கால் வலி உள்ள அத்தைக்கு அதுதான் தோதாக இருந்தது. காரோடு போகிறவர்கள்தான் கோடையில் வரிசையில் காய வேண்டும், கால்நடையாக ஏறுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்தத் தடங்களை அதிகமாக ஓட்டுவது யாத்ரோலினியா என்ற அரசு நிறுவனம், 1947இல் தொடங்கியது. அதன் இணையதளத்தில் அட்டவணையும் டிக்கெட்டும் கிடைக்கும், ஏஜென்ட் தேவையில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோஷியாவை ஒட்டிய அட்ரியாட்டிக் கடலில் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. வடகிழக்கில் மலையிலிருந்து இறங்கி அடிப்பது புரா. தென்கிழக்கிலிருந்து அலையையும் மழையையும் கூட்டிவருவது யூகோ. கோடையில் மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து வீசுவது மாயெஸ்த்ரால். புரா அடிக்கும்போது வானம் பெரும்பாலும் மேகமில்லாமல் பளிச்சென்று இருக்கும். வெயிலைப் பார்த்து நல்ல நாள் என்று கிளம்பினால், துறைமுகத்தில் கேட்டமரானை ரத்து செய்திருப்பார்கள். புரா குளிர்காலத்தில்தான் அதிகம் என்றாலும் மற்ற மாதங்களில் வரவே வராது என்று இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை நட்டு வைத்திருக்கிற நமக்குக் காற்றின் குணம் புரியாததல்ல. முந்தின நாள் இரவே குரோஷிய வானிலைத் துறையின் கடல் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் தீவுப் பயணத்தை ஊர் திரும்புவதற்கு முந்தின நாளில் வைக்காதீர்கள். நடுவில் வைத்தால், காற்று கெட்டாலும் ஒரு நாள் தள்ளிப்போடலாம்.

சரி, ஐந்து தீவு விஷயத்துக்கு வருகிறேன். அது பெரும்பாலும் ஸ்பீடு போட் பயணம். அதிகாலையில் கிளம்பி, விஸ் தீவுக்கு அப்பால் இருக்கும் பிஷெவோ என்ற சின்னத் தீவின் நீலக் குகைக்குப் போவார்கள். கடலுக்கடியில் இருக்கும் ஒரு திறப்பு வழியாக வெயில் உள்ளே புகுந்து, அடியில் இருக்கும் வெள்ளைத் தரையில் பட்டுக் குகை முழுக்க நீலமாக ஒளிரும். முற்பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள்தான் அது நன்றாகத் தெரியும். அதனால் எல்லாப் படகும் அந்த நேரத்துக்கே அங்கே வந்து நிற்கும். சிறு படகுக்கு மாறி உள்ளே போய்வர மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், உள்ளே இருப்பதோ சில நிமிடங்கள். அலை இருந்தால் குகையையே மூடிவிடுவார்கள். மற்ற தீவுகளில் ஒரு குளியல், ஒரு காப்பி, அவ்வளவுதான். ஸ்பீடு போட் அலை மேல் தூக்கித் தூக்கிப் போடும். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் ஏற வேண்டாம் என்று படகுக்காரர்களே சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு நம் ஊர் ஏஜென்ட் ஒருவர் இதைச் சொகுசுப் படகு என்று சொல்லி விற்றிருக்கிறார். திறந்த படகைப் பார்த்ததும் பாட்டி ஏற மறுத்துவிட்டார், அவருடைய பணமும் திரும்பி வரவில்லை. இளவட்டங்கள் நண்பர்களோடு போகட்டும், அவர்களுக்கு அது நல்ல அனுபவம். மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்பத்துக்கு அது பொருந்தாது.

ஒரே தீவில் ஒரு நாள் இருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது ஸ்டாரி கிராட் சமவெளி. கி.மு. 384இல் ஏஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் அங்கே குடியேறி, ஊருக்குப் பின்னாலிருந்த நிலத்தை அளந்து நீள்சதுரங்களாகப் பங்கிட்டார்கள். ஒவ்வொரு பங்கும் சுமார் 900 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். ஏறத்தாழ 2,400 வருடம் கழிந்தும் அந்த எல்லைகள் அப்படியே இருக்கின்றன, அதே திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. தீவு முழுக்கச் சுண்ணாம்புக் கல். காட்டைத் திருத்தும்போது பொறுக்கிய கல்லையே, சாந்து எதுவும் வைக்காமல் அடுக்கி வேலியாக்கிவிட்டார்கள்.

அப்பாவுக்கு அந்த வேலியை விட்டு நகர மனமில்லை. குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தபடியே வந்தவர், "அம்மிணி, நம்ம கொறங்காட்டுக்குக் கிளுவ வேலி எப்படியோ, இவங்களுக்கு இது. நாம கொழுக்கட்டப் புல்லு விட்டிருக்கறம், இவங்க திராட்ச வெச்சிருக்கறாங்க" என்றார். கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். மண்ணும் அங்கே செம்மண்தான். ஆறு கிடையாது, மழைத்தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைத்துத்தான் பிழைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும், அந்தத் தொட்டியைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது. டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி ஒரு கொத்து கொடுத்தார். அவருக்கு நம் பாஷை தெரியாது, அப்பாவுக்கு அவர் பாஷை தெரியாது. அப்பா போனை எடுத்து எங்கள் காங்கேயம் காளையின் படத்தைக் காட்டினார். இரண்டு பேரும் கொம்பைக் காட்டி, திமிலைக் காட்டி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். விவசாயக் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியிலிருந்து போகிறவர்களுக்கு இந்தச் சமவெளியை எந்தப் பேக்கேஜும் காட்டுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த நேரம் அம்மாவும் அத்தையும் ஊருக்குள்ளே இருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பெதார் ஹெக்தோரோவிச் என்ற கவிஞர் கட்டிய வீடு ஒன்று அங்கே இருக்கிறது. முற்றத்து நடுவில் கடல்நீர்க் குளமும் அதில் மீன்களும் உண்டு. சந்துகள் சமதளமாக இருப்பதால் மெதுவாக நடந்தே பார்த்துவிட்டார்கள். ஹ்வார் நகரத்துக் கோட்டைக்கு மேட்டில் ஏற வேண்டும், முழங்கால்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. இறைச்சியும் பால் பொருட்களும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே நெய்யும் பால் இனிப்பும் பெட்டியில் வேண்டாம். பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, முறுக்கு எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. ஸ்பிளிட்டில் பழைய ரோமானிய அரண்மனைக்குக் கிழக்கே பஸார் என்ற காய்கறிச் சந்தை காலையிலேயே களைகட்டிவிடும்; அத்திப்பழமும் ரொட்டியும் அங்கேயே வாங்கிக்கொண்டோம். தீவு ஓட்டல்களில் பிளித்வா என்று கீரையும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயில் வதக்கித் தருவார்கள், சைவக்காரர்கள் தயங்காமல் கேட்கலாம். கடற்கரை மணலாக இருக்காது, கூழாங்கல்லும் பாறையும்தான். முள் நிறைந்த கடல் முள்ளெலிகள் பாறையில் ஒட்டியிருக்கும், குழந்தைகளுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம்.

துப்ரோவ்னிக்கில் தங்குகிறவர்களுக்கு வேறு தீவுகள் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் லோக்ரும். பழைய துறைமுகத்திலிருந்து கால் மணி நேரம்தான், மயில்கள் சுற்றித் திரியும், இரவில் யாரும் தங்க முடியாது. முழு நாள் இருந்தால் ம்லியெட். 1960இலிருந்து தேசியப் பூங்காவாக இருக்கிறது. பைன் காட்டுக்குள் இரண்டு உப்புநீர் ஏரிகள், பெரிய ஏரி நடுவே ஒரு குட்டித் தீவு, அதில் பன்னிரண்டாம் நூற்றாண்டு மடாலயம். ம்லியெட் தீவில் விஷப்பாம்பு அதிகம் என்று 1910இல் நம் நாட்டுக் கீரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பாம்பைத் தீர்த்த கீரிகள் அப்புறம் பறவைகளையும் கோழிகளையும் பிடிக்க ஆரம்பித்துவிட்டன.

விசா பற்றியும் சுருக்கமாக. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் இருக்கிறது, பணமும் யூரோதான். ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் போகும் பழைய சாலை நடுவில் போஸ்னியாவின் நேயும் ஊர் வழியாகப் போகும். ஒரு முறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர்கள் அப்படி வெளியே போனால் திரும்ப நுழைவதில் சிக்கல் வரும். 2022 ஜூலையில் திறந்த பெலியெஷாட்ஸ் பாலம் வழியாகப் போகும் பஸ்ஸா என்று கேட்டே ஏறுங்கள். நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் கடல் நீர் சில்லென்று இருக்கும், படகுகளும் கோடையில் ஓடும் அளவுக்கு ஓடாது. குழந்தைகளின் பள்ளியில் லீவு கிடைத்தால் செப்டம்பர் நல்ல மாதம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். படகில் போகும் இடங்களைப் பற்றிக் கட்டுரை போடும்போது, எந்தத் துறைமுகம், எந்த மாதம், வயதானவர்களுக்கு ஆகுமா என்ற மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்துப் போடுங்கள். கோவை, ஈரோடு, திருப்பூரில் ஐரோப்பியப் பயணம் விற்கும் ஏஜென்ட்டுகள், தீவு நாளுக்கான தாளில் எத்தனை மணி நேரம் படகில், எத்தனை மணி நேரம் தரையில் என்று பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தராதவர்களிடம் பணம் கட்டும் முன் நம் வாசகர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.