தரவரிசை இருக்கட்டும், நெறியாளர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதிப்பெண், மொழித் தேர்வு, பல்கலைக்கழகத் தரவரிசை எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான நெறியாளரை மட்டும் ஒரே வரியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. மூன்று நான்கு வருடம், சில நாடுகளில் ஐந்தாறு வருடம், அந்த ஒரு மனிதரிடம்தானே குப்பை கொட்ட வேண்டும்?

இன்னொன்று, எல்லா நாட்டிலும் ஒரே நடைமுறை கிடையாது. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் பக்கமெல்லாம் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை. காலியிட அறிவிப்பு வரும், ஒப்பந்தம் போடுவார்கள், அறிவிப்பும் வருடத்தில் எந்த மாதம் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் ஐரோப்பிய ஆய்வுப் பணி அறிவிப்புகள் வரும் யுராக்செஸ் மாதிரியான தளங்களை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் துறைக்குத்தான் விண்ணப்பம், கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும், சில துறைகளில் உள்ளே போன பிறகுதான் நெறியாளரே முடிவாவார். அப்புறம் பொடி எழுத்து நிபந்தனைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி முனைவர் பட்டத் திட்டங்களில், இடம் கிடைக்கும் நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் பொதுவாகத் தகுதியே கிடையாது. அதே நாட்டில் இப்போதுதான் இரண்டு வருட முதுகலை முடித்தவர் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுவது வீண் வேலை.

நான் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு வரும் மின்னஞ்சல்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும், எங்கள் பேராசிரியர் ஒரு பெண். அவர் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், வேறு அளவில் இருக்கும், ஒட்டியது அப்படியே தெரியும். 'உங்கள் ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தன' என்பார்கள், எந்த ஆய்வு என்று சொல்ல மாட்டார்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் எந்த இடத்தில் கேள்வி வந்தது, அதை எப்படித் தொடரலாம் என்று நாலு வரி எழுதினால் போதும், அந்த அஞ்சல் தனியாகத் தெரியும்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்களா, சரி, அதோடு நிற்காமல் அந்தக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசிவிடுங்கள். எழுதிக் கொடுத்ததை நெறியாளர் எத்தனை நாளில் படித்துத் தருகிறார், பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, உதவித்தொகை நின்ற பிறகும் ஆய்வேடு முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில். குழுவின் இணையப் பக்கத்தில் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. சில பல்கலைக்கழகங்களில், விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் பரிந்துரைப்பவருக்குத் தானாக ஓர் அஞ்சல் போகும், அது சில நேரம் ஸ்பேம் பெட்டியில் போய் விழும். கடைசி நாள் இரவு சமர்ப்பித்துவிட்டு அவர் எப்படியும் பார்த்துவிடுவார் என்று இருக்காதீர்கள், முன்கூட்டியே சொல்லி வைத்து, அஞ்சல் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழு ஒன்றில் பணிபுரியும் வாசகர்