மூன்று வருடம் தாண்டுவதற்கு முன்

கண்ணம்மா,

நீ வரையும் மாங்காவில் (ஜப்பானியப் பாணிப் படக்கதையில்) நாற்பதாவது அத்தியாயத்தோடு கதையை மூன்று வருடம் தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகத் தள்ளு. ஆனால் வருடம் ஓடியதால் மட்டும் உன் கதாநாயகப் பையன் பெரியவனாகிவிட மாட்டான். நீண்ட மாங்காக்கள் பல சறுக்குவது இங்கேதான்.

'ஒன் பீஸ்' 597ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு இரண்டு வருடம் தாண்டுகிறது. நாயகன் லூஃபிக்கு 17 போய் 19. தொப்பி, சிரிப்பு, இறைச்சிப் பைத்தியம் எல்லாம் அப்படியே. மாற வேண்டியது அதற்கு முன்பே மாறிவிட்டது. அண்ணன் ஏஸ் கண்முன்னால் சாகிறான். இந்தப் பலத்தை வைத்துக்கொண்டு யாரையும் காப்பாற்ற முடியாது என்று லூஃபி ஒத்துக்கொள்கிறான். செய்தித்தாளில் வரும் படத்தில் அவன் கையில் '3டி' என்று எழுதி அடித்து, கீழே '2ஒய்' என்றிருக்கும். மூன்று நாளில் கூடுவோம் என்றது இரண்டு வருடமாகிவிட்டது என்று கூட்டாளிகள் புரிந்துகொள்கிறார்கள். மனசு மாறுவது முதலில், காலத் தாவல் பிறகு. உன் வரைவில் இது தலைகீழாக இருக்கிறது.

'நருட்டோ'வில் நாயகன் நருட்டோவின் இரண்டரை வருடப் பயிற்சி பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான். திரும்பி வந்ததும், ஆசிரியர் ககாஷியிடமிருந்து மணியைப் பறிக்க வேண்டிய பழைய பரீட்சையே மறுபடி. பன்னிரண்டு வயதில் தனியாகப் பாய்ந்து கம்பத்தில் கட்டுப்பட்டவன், இப்போது ககாஷி ஆசையாகப் படிக்கும் நாவலின் முடிவைச் சொல்லிவிடுவேன் என்கிறான். அவர் காதைப் பொத்தி, கண்ணையும் மூடிக்கொள்ள, மணி கைக்கு வந்துவிடுகிறது. பலத்தைவிட ஆளைத் தெரிந்துவைத்திருந்ததுதான் வேலை செய்தது. நீயும் உன் முதல் பத்து அத்தியாயங்களில் ஒரு காட்சியை எடுத்து, அதே இடம், அதே எதிராளி என்று திரும்ப வை. பதில் மட்டும் மாறட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'வின்லாண்ட் சாகா'. எட்டாவது தொகுதி வரை வந்த பிறகுதான் அதை வரைந்த யுகிமுரா முன்னுரை முடிந்தது என்கிறார்! அதுவரை நாயகன் தோர்ஃபினுக்கு இரண்டு குத்துவாளும், அப்பாவைக் கொன்ற அஸ்கெலாட் மீதான வஞ்சமும்தான் வாழ்க்கை. பழிவாங்க வேண்டிய ஆளையே வேறொருவன் கொன்றுவிட, பையனுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. பிறகு அடிமையாகப் பண்ணையில் மரம் வெட்டுகிறான், வேர்க்கட்டையைப் பிடுங்குகிறான், கிழவரிடம் குதிரையும் கலப்பையும் இரவல் வாங்குகிறான், கோதுமை விதைக்கிறான். சண்டைக் கதை படிக்க வந்தவர்களை இத்தனை அத்தியாயம் வயலில் உட்காரவைக்கத் துணிச்சல் வேண்டும். அந்த மெதுவான நடை இல்லாவிட்டால், பின்னால் ராஜாவைப் பார்ப்பதற்காக நூறு குத்து வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் நிற்கும் காட்சியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எச்சரிக்கைக்கு 'டிராகன் பால்'. செல் என்ற வில்லன் செத்தபின் ஏழு வருடம் தாண்டி, நாயகன் கோகுவின் மகன் கோஹானைப் பள்ளிக்கூடம் அனுப்பி நாயகனாக்கிப் பார்த்தார்கள். கடைசியில் கதை கோகுவிடமே திரும்பிவிட்டது. வாரிசு மாற்றுவதாக இருந்தால் பழைய நாயகனுக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடு.

வரைவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது உன் பையனின் உயரம் ஐந்து தலை, அதாவது தலையின் நீளத்தைப்போல ஐந்து மடங்கு. ஆறரைக்கு ஏற்று. கண்ணைக் கொஞ்சம் சிறிதாக்கு, தாடையை நீட்டு, கழுத்தைத் தடியாக்கு. நெற்றித் தழும்பையும் முடியின் வெளிக்கோட்டையும் தொடாதே. கறுப்பு நிழலாக வரைந்தாலும் இவன்தான் என்று தெரிய வேண்டும். முடி, உடை, உடல் மூன்றையும் ஒரே பக்கத்தில் மாற்றினால் புது ஆள் வந்துவிட்டான் என்றே நினைப்பார்கள். சுற்றியிருப்பவர்களுக்கும் மூன்று வயது கூட வேண்டும். தங்கச்சி பாத்திரத்தை நீ மறந்தே போய்விட்டாய்.

கடைசி மூன்று பக்கத்தை இங்க் போடுவதற்கு முன், பென்சிலில் இருக்கும்போதே அனுப்பு.

அம்மா