அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன்கள் எங்கே விளையாடுவார்கள்?

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கும் கௌதமபுரத்திலிருந்து எழுதுகிறேன். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் சிலை வைத்திருக்கிற பேட்டை எங்களுடையது. தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். உலகக் கோப்பை வந்துவிட்டால் தெரு முழுக்க பிரேசில் மஞ்சள் தொங்கும். ஆனால் இந்த மடல் பிரேசிலைப் பற்றியது இல்லை. நம் நாட்டின் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களைப் பற்றியது.

2024 அக்டோபர் 27, ஞாயிறு. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. அக்கா வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், நானும் அக்கா மகனும் கூடத்தில் உட்கார்ந்து மொபைலில் ஸ்கோரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் புரூனேயை 13-0, துர்க்மெனிஸ்தானை 1-0 என்று ஜெயித்துவிட்டு, தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே சந்தித்த ஆட்டம். 2-3 என்று தோற்றோம். ஒரே ஒரு கோல், அதோடு 2025 ஆசியக் கோப்பை கையைவிட்டுப் போனது. பையனுக்கு வயது 14. “மாமா, அப்போ வேர்ல்டு கப்பும் போச்சா?” என்றான். போச்சுடா என்றேன். எழுந்து மாடிக்குப் போய்விட்டான், ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டபோதும் இறங்கி வரவில்லை.

அவனிடம் முழுதாகச் சொல்ல மனம் வராததை உங்களிடம் சொல்கிறேன். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடந்தது, 2007 முதல் 24 அணிகளோடு, ஆசியாவுக்கு நாலு இடம். 2025 முதல் அது வருடாவருடம், 48 அணிகளோடு. போட்டியை நடத்தும் கத்தார் தவிர ஆசியாவுக்கு மட்டும் எட்டு இடம். ஆசியக் கோப்பையில் 16 அணிகள் ஆடும், அதில் எட்டு அணி உலகக் கோப்பைக்குப் போகும். அதாவது அந்தப் பதினாறில் ஒன்றாக உள்ளே போயிருந்தாலே பாதி தூரம் தாண்டின மாதிரி. வாசல் இவ்வளவு அகலமான வருடத்தில் நாம் தெருமுனையிலேயே நின்றுவிட்டோம். எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் கோபம் அந்தப் பையன்கள் மேல் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லித் திட்டும் பெரியவர்களைப் பார்த்தேன். டிஃபென்ஸ் சரியில்லை, கடைசியில் மூச்சு வாங்குகிறார்கள், இதெல்லாம் எங்கள் கிரவுண்டில் டீ குடிக்கிற எந்த ஆளும் சொல்வான், நானும் சொல்வேன். அதற்காக ஒரு பிள்ளையின் வீட்டாரை இழுத்துத் திட்டுகிறவன் ரசிகனே இல்லை. ஒரு மாதம்தான் ஆகிறது, திம்புவில் வங்கதேசத்தை 2-0 என்று ஜெயித்துத் தெற்காசியக் கோப்பையைத் தூக்கி வந்ததும் இந்த வயது அணிதான்.

தோல்வியைத் தாங்கத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் எங்கள் பெங்களூர் எஸ். ராமன். நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. இரண்டு பெனால்டி கிடைத்தும் இரண்டும் வீணாகி 1-2 என்று தோற்றோம். 76 வருடம் ஆகிவிட்டது, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்தத் தோல்வியை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். அப்புறம் 1974. இதே தாய்லாந்து, பாங்காக். ஷபீர் அலி தலைமையில் நம் இளைஞர் அணி ஆசிய இளைஞர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானோடு 2-2 என்று முடித்துக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. சரியாக 50 வருடம். அதன்பின் எந்த வயதுப் பிரிவிலும் ஆசியக் கோப்பை நம் பக்கம் வரவில்லை. பொன்விழா வருடத்தில் அதே நாட்டில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்ட முடியவில்லை என்பதை எந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வது?

சரி, நான் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். தாய்லாந்திலிருந்து திரும்பிய அந்தப் பையன்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே விளையாடுவார்கள்? அதற்கடுத்த ஞாயிறு? ஜனவரியில்? 2026ல், அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகும்போது?

இதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன் என்றால் 2017ஐ நான் மறக்கவில்லை. அந்த வருடம் இதே பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. டெல்லி நேரு ஸ்டேடியத்தில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூன்றிலும் தோல்வி. கொலம்பியா ஆட்டத்தில் 82ஆவது நிமிடம் எங்கள் ஊர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல். நான் அன்றைக்கு ஒரு டீக்கடை டிவி முன்னால் நின்று முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தேன், அவரை விடுவதற்குள் கொலம்பியா அடுத்த கோலை அடித்துவிட்டது.

மூன்று ஆட்டமும் தோற்ற அந்த அணிதான் பிற்பாடு நமக்கு அதிகம் தந்தது. ஜீக்சன், அன்வர் அலி, எங்கள் பெங்களூரு எஃப்சியில் ஓடிக்கொண்டே இருக்கும் சுரேஷ் சிங், அமர்ஜித், ரஹீம் அலி, எல்லாரும் நாட்டின் சீனியர் சட்டையைப் போட்டார்கள். எப்படி? உலகக் கோப்பை முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. இந்தியன் ஆரோஸ் என்று உங்கள் சம்மேளனமே ஒரு அணி வைத்திருந்தது, அதில் சேர்த்து, பெரியவர்கள் ஆடும் கிளப் லீக்கான ஐ-லீக்கில் இறக்கினீர்கள். பெரிய ஆட்களுக்கு எதிராக, ஒரு சீசனில் 18 லீக் ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று அடித்தார்கள், தமிழ்நாட்டு அணி தோற்றும் நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான். அடுத்த வாரங்களில் அடியும் வாங்கினார்கள். வாங்கட்டும், பதினேழு வயதில் முப்பது வயது டிஃபென்டரிடம் இடி வாங்கினால்தான் உடம்பை எங்கே வைப்பது என்று தெரியும். உங்கள் சம்மேளனம் செய்த நல்ல காரியங்களில் அதை நான் முதலில் வைப்பேன்.

2022ல் அந்த அணியை மூடிவிட்டீர்கள். அதற்குப் பதிலாக இளைஞர்களுக்கான லீக் வரும் என்று சொன்னீர்கள். இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கிடைக்கும் என்ற யோசனையில் தப்பில்லை, நானும் நம்பினேன். ஆனால் தன் வயதுப் பிள்ளைகளோடு மண்டலச் சுற்றில் சில ஆட்டம் ஆடி, தோற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புவதும், ஒரு சீசன் முழுக்க வாராவாரம் பெரியவர்களோடு மோதுவதும் ஒன்றா? 2018ல் மலேசியாவில் நடந்த பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியின் லீக் சுற்றில் ஒரு கோல்கூட வாங்காமல் காலிறுதிக்கு வந்த அணியை நினைத்துப் பாருங்கள். தென் கொரியாவிடம் 0-1. அந்தத் தொடரில் நாம் வாங்கிய ஒரே கோல் அது, அதைத் தடுத்து ஆட்டத்தையும் ஜெயித்திருந்தால் உலகக் கோப்பை. 2023ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில், பாங்காக்கில் ஜப்பானிடம் 4-8. எட்டு வாங்கினார்கள் என்று எல்லாரும் பேசினார்கள், அந்த வருடம் கோப்பையையே வென்ற ஜப்பானுக்கு நம் பிள்ளைகள் நாலு போட்டார்கள் என்பதை யார் பேசினார்கள்? இந்த இரண்டு அணிகளிலும் இருந்தவர்கள் இப்போது எந்த அணிக்கு, எத்தனை ஆட்டம் ஆடுகிறார்கள் என்று ஒரு தாள் வெளியிட முடியுமா உங்களால்? முடிந்தால் தயவுசெய்து வெளியிடுங்கள், படிக்க ஆயிரம் பேர் காத்திருக்கிறோம்.

என் அக்கா மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன். நகைக்கடை கொடுத்த காலண்டர் ஒன்று அவர்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. பெரிய கிரவுண்டில், ரெஃப்ரி வைத்து, முழு நேரம் ஆடுகிற ஆட்டம் இருந்தால் அந்தத் தேதியில் சிவப்பு வட்டம் போடுவான். போன வருடம் முழுக்க எண்ணினால் 11 வட்டம். மற்ற நாளெல்லாம் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. கூம்பை வைத்து வளைந்து ஓடுவது, பாஸ், மறுபடி கூம்பு. போன வருடம் ஒரு தேர்வு முகாமில் இவனை எடுத்தார்கள், வயதைச் சரிபார்க்கும் எலும்புச் சோதனைக்கு வரச்சொல்லி நாங்கள் கூட்டிப்போனோம், கூப்பிடுகிறோம் என்றார்கள். அக்கா ஆறு மாதம் அந்த போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. எடுக்கவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூடப் போதும், பையன் அழுதுவிட்டு மறுநாள் கிரவுண்டுக்கு வந்திருப்பான்.

ஜப்பானில் இதே வயதுப் பையன்களுக்கு தகாமடோ கோப்பை என்று ஒரு பதினெட்டு வயதுக்குட்பட்டோர் லீக் நடக்கிறது. பள்ளி அணிகளும் கிளப் அணிகளும் ஒரே லீக்கில். மேல் பிரிவில் கிழக்குக்கு 12 அணி, மேற்குக்கு 12 அணி, ஒவ்வொன்றுக்கும் வீட்டிலும் வெளியிலுமாக 22 ஆட்டம். கீழே இறங்குவதும் மேலே ஏறுவதும் உண்டு. இதற்குக் கீழேயும் பிரிவுகள். இதைப் போடுவதற்கு வெளிநாட்டுக் கோச் வேண்டாம், ஐரோப்பியச் சுற்றுப்பயணம் வேண்டாம். கிரவுண்டும் ரெஃப்ரியும் அட்டவணையும், அந்த அட்டவணையை வருடாவருடம் மாற்றாத பிடிவாதமும் வேண்டும்.

கிரவுண்டு என்றதும் இன்னொன்று. நான் சின்னப் பையனாக இருந்தபோது கௌதமபுரம் கிரவுண்டில் இடம் இல்லையென்றால் ஆஸ்டின் டவுன் நந்தன் கிரவுண்டுக்கு நடந்தே போவோம், அங்கேயும் இல்லையென்றால் காத்திருப்போம், காசு என்ற பேச்சே கிடையாது. இப்போது ஊர் முழுக்க வலை கட்டிய டர்ஃப். மணிக்கணக்கில் வாடகை, ராத்திரி ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள் ஆடுகிறார்கள், ஆடட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பெயின்டர் மகனும் பூக்காரம்மா மகனும் பத்துப் பேரிடம் பணம் பிரித்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வெளியே நிற்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி இந்தியச் சட்டை வரைக்கும் போனவர்கள் எல்லாரும் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். கிரவுண்டு மாநகராட்சி விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். மாநிலச் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு போய் வாரத்தில் இரண்டு நாள் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று கேட்டு வாங்குவது யார் வேலை?

பெண் பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். 2022ல் அவர்களுக்கான பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இங்கேயே நடந்தது, அதற்கு இரண்டு மாதம் முன்னால் நிர்வாகச் சண்டையால் ஃபிஃபா நம்மைத் தடை செய்து வைத்திருந்தது. அப்புறம் புவனேஸ்வரில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்த ஸ்கோரைப் பார்த்து அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்திய அணியின் நீண்ட காலக் கேப்டன் சுனில் சேத்ரிக்கு நாற்பது வயது ஆகிவிட்டது, 2024 ஜூன் மாதம் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திவிட்டார். இந்த 2024-25 சீசனிலும் பெங்களூரு எஃப்சிக்காகக் காண்டீரவா ஸ்டேடியத்தில் கோல் அடிக்கிறார், நாங்கள் ரசிகர்கள் கூடும் வெஸ்ட் பிளாக்கில் தொண்டை கிழியக் கத்துகிறோம். கத்தி முடித்து வெளியே வரும்போது எல்லார் பேச்சும் ஒன்றுதான்: இவருக்கு அடுத்து யார்? அந்த யார், தாய்லாந்தில் தோற்ற அணியில் ஒருவனாக இருக்கலாம். ஸ்கூல் பரீட்சை, வீட்டுக் கஷ்டம், ஆட்டமே இல்லாத ஆறு மாதம், இதில் எதிலாவது அவனை நாம் தொலைத்துவிடப் போகிறோம் என்பதுதான் என் பயம்.

அதனால் கோச்சை மாற்றிவிட்டோம், புது முகாம், புதுப் பையன்கள் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்த அணியைக் கலைக்காதீர்கள். ஆரோஸ் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ இவர்களுக்கு ஐ-லீக்கிலோ அதற்குக் கீழ்ப் பிரிவிலோ ஓர் இடம் கொடுங்கள். செலவாகும்தான். ஐரோப்பாவுக்கு அனுப்புகிற காசிலிருந்து எடுங்கள். மாநிலங்களில் பதிமூன்று, பதினைந்து வயதுக்கு எட்டு மாதமாவது ஓடும் லீக் வேண்டும், தோற்ற அணியும் அடுத்த வாரம் ஆட வேண்டும். தேர்வு முகாமில் எடுக்காத பிள்ளைக்கு எடுக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு நவம்பர் 3. காலை ஆறரைக்கு எங்கள் பையன்கள் கௌதமபுரம் கிரவுண்டில் இருப்பார்கள், பட்டாசுக் குப்பையைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் பந்தை வைக்க வேண்டியிருக்கும். அக்கா மகனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். தாய்லாந்தில் ஆடியவர்கள் அன்றைக்கு எந்த ஊரில், எந்த அணியோடு ஆடுகிறார்கள் என்று அவன் என்னைக் கேட்பான். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கௌதமபுரத்திலிருந்து ஒரு ரசிகன்
பெங்களூரு, அக்டோபர் 30, 2024