கம்ப்ரசரை ஓட வையுங்கள்: துறைத் தலைவருக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் நம் சூப்பர்சானிக் விண்ட் டனலுக்கு, காற்றை அழுத்தி டேங்கில் நிரப்பும் கம்ப்ரசர் நின்றுபோன கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் கொடுத்த நான்கு கடிதங்களும் உங்கள் மேஜைக்கு வந்தவைதான். அதனால் போன வாரம் வைவாவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எங்கள் ஏழு பேருடைய ரெக்கார்டு நோட்டுகளையும் வரிசையாக விரித்து வைத்தார். மாக் 2 காற்றோட்டம், அதாவது ஒலியைப் போல இரு மடங்கு வேகம்; அதில் வைத்த 10 டிகிரி ஆப்பு; அதன் நுனியிலிருந்து கிளம்பும் அதிர்வலையின், அதாவது காற்றழுத்தம் சட்டென்று எகிறும் மெல்லிய அலையின், கோணம். ஏழு நோட்டிலும் 39.3 டிகிரி. "இது அட்டவணையில் இருக்கிற எண்ணம்மா. படத்தில் வைத்து ஏழு பேர் அளந்தால் கொஞ்சமாவது முன்னே பின்னே வருமே, படத்தை யார் எடுத்தது?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. யாரும் எடுக்கவில்லை, ஐயா. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம். அவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

காற்றில் அதிர்வலையைப் படம் பிடிப்பது புதிய வித்தை இல்லை. பறக்கும் தோட்டாவின் முன்னால் நிற்கும் அலையை எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷர் என்ற இரு இயற்பியலாளர்கள் படமெடுத்து 1887-லேயே வெளியிட்டுவிட்டார்கள். காற்றின் அடர்த்தி மாறும் இடங்களைப் படத்தில் காட்ட உதவும் நம் ஆய்வகத்தின் ஷ்லீரன் கண்ணாடியோ பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவுக்குள் கிடக்கிறது, ஓரத்தில் பூஞ்சை. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரில் இருக்கும் சிலிக்கா ஜெல், ஈரம் குடித்து, நீலம் போய் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. அறை வெப்பத்தில் கிளம்பும் காற்று மாக் 2-ஐத் தொடும்போது மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போய்விடும், அதில் ஈரம் இருந்தால் காற்று வேகமெடுக்கும் நாசிலுக்குள்ளேயே திரண்டு அளவீட்டைக் கெடுக்கும் என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதுகிறோம். கம்ப்ரசர் ஓடினால்தானே அதைக் கண்ணால் பார்க்க முடியும்?

"சிமுலேஷன் செய்துகொள்ளுங்கள்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். செய்கிறோம். வண்ண வண்ணமாகப் படம் வருகிறது. சரி, அது உண்மைதானா என்று எதோடு ஒப்பிடுவது? மாக் 2-ல் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பிட்டோ குழாயை நீட்டினால் அதன் வாய்க்கு முன்னால் ஓர் அதிர்வலை நின்றுகொள்ளும், டேங்கிலிருந்து வந்த மொத்த அழுத்தத்தில் 72 சதவீதம்தான் மீட்டரில் தெரியும். மீதி எங்கே போனது என்று மீட்டர் முன்னால் நின்று குழம்பித் தெளிவதுதான் எங்கள் படிப்பு. கம்ப்ரசரை ஓட வையுங்கள், ஐயா.

நுழைவாயிலுக்கு இந்த வருடம் புதுப் பெயின்ட் அடித்தார்கள், கருத்தரங்கக் கூடத்துக்குப் புது ஏசி வந்தது. ஆய்வகக் கட்டணம் என்று எங்களிடம் தனி ரசீது போட்டு வாங்கிய பணம் எங்கே செலவானது என்று கேட்டால் பதில் இல்லை. நாட்டின் முதல் சூப்பர்சானிக் விண்ட் டனலை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமைத்தவர் சதீஷ் தவான். அன்று கட்ட முடிந்த ஒன்றை இன்று பழுதுபார்க்கக்கூட முடியாதா?

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் பருவம் முடிவதற்குள் கம்ப்ரசர் ஓட வேண்டும். சிலிக்கா ஜெல்லை ஓவனில் வைத்து உலர்த்துவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கண்ணாடியை எப்படிச் சரிசெய்வது என்று லேப் அண்ணனிடம் கேட்டுவிட்டோம். டேங்க் நிரம்ப எத்தனை மணி நேரம் ஆனாலும் காத்திருப்போம். டனல் ஓடப்போவது சில விநாடிகள்தான், அது போதும். அதில் வருகிற கோணத்தை எங்கள் கையால் அளந்து, பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுத வேண்டும்.

பணிவுடன்,
விண்வெளிப் பொறியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி