மூவலூர் அம்மையார் யாரென்று மாணவிகளுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினத்தையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வரலாற்றில் இடம்பெற்ற தமிழ்ப் பெண்களுக்கு அரசு செய்த சிறப்புகளை வரிசைப்படுத்தியிருந்தது. வேலு நாச்சியாருக்குத் தபால்தலை, தில்லையாடி வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம், அவ்வையார் பெயரில் விருது. எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த மரியாதை பெரும்பாலும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. முழுப்பெயர் 'மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்'. வாயில் நிற்பதோ 'புதுமைப் பெண்' மட்டும்தான். என் அண்ணன் பேத்திக்கும் வருகிறது. செல்போனில் வங்கிச் செய்தி வந்ததும் "புதுமைப் பெண் ஏறிடுச்சு" என்பாள். சரி, மூவலூர் அம்மையார் யாரம்மா என்று கேட்டேன். "முன்னாடி சி.எம்.மா இருந்தாங்களா, சின்னத் தாத்தா?" என்றாள். இத்தனைக்கும் நாங்கள் இருப்பது மயிலாடுதுறையில். மூவலூர் இதோ பக்கத்தில்.

பிள்ளையைக் கோபித்து என்ன செய்ய? பாடநூலில் நாலு வரி வந்திருக்கும், தேர்வோடு போயிருக்கும். தேவதாசி முறைக்குள் வளர்க்கப்பட்டு, அதை உதறி வெளியே வந்து, அதே முறையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அவர். 1936-ல் அதை வைத்து ஒரு நாவலே எழுதினார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே போன படையில் 55 வயதில் நடந்தார். அந்த ஆண்டே சிறைக்கும் போனார்.

இப்படிப்பட்டவர் பெயரை அரசு முதலில் எதற்கு வைத்தது தெரியுமா? 1989-ல் திருமண நிதியுதவித் திட்டத்துக்கு. 2011-ல் அதோடு தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016-ல் அது எட்டு கிராம் ஆனது. தாலியே வேண்டாம் என்ற சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்தவர் பெயரில் தாலிக்குத் தங்கம்! ஏழைக் குடும்பங்களுக்கு அந்த உதவி கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப் பொருத்தம் பார்த்தது யாரோ, அவர்களுக்கே வெளிச்சம். உயர்கல்விக்கு மாற்றியது நல்ல காரியம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விஷயமும் ஏறக்குறைய இதுதான். மகப்பேறு நிதியுதவி அவர் பெயரில் இருக்கிறது, அவர் பிறந்த ஜூலை 30 மருத்துவமனை தினமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையால் அவரை டாக்டராக எல்லோருக்கும் தெரியும். சென்னை மாகாண மேலவையில் அவர் செய்த வேலை எத்தனை பேருக்குத் தெரியும்? கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலம் போய்விடும். அந்தப் பயத்திலேயே அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக் கட்டி, கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்கள். பணி செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்று 1929-ல் சட்டத் திருத்தம் வந்தது, அவர் கொண்டுவந்த மசோதாவால். பொட்டுக் கட்டுவதையே தடை செய்த 1947-ம் ஆண்டுச் சட்டத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், சோற்றுக்கு வழி செய்துவிட்டு வழக்கத்தில் கைவைத்த 1929 திருத்தம்தான் அதைவிட நுட்பமான வேலை.

அந்த விவாதங்கள் மேலவை நடவடிக்கைக் குறிப்புகளில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. அக்கால அரசுக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர்கள் தேடிப் போய்ப் படிப்பார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள்? அரசே அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தமிழில் மலிவு விலையில் வெளியிடலாம். யார் பெயரில் உதவித்தொகை தரப்படுகிறதோ, அவரைப் பற்றி ஒரு பதினாறு பக்கக் கையேட்டை வங்கிப் பற்று அட்டையோடு சேர்த்து மாணவி கையில் கொடுக்கலாம். பிறந்த ஊர், சிறை, பேச்சு, எழுத்து, அவரை எதிர்த்தவர்கள் சொன்ன வாதம் எல்லாம் அதில் இருக்கட்டும். புகழுரை வேண்டாம், அமைச்சர்களின் படமும் வேண்டாம்.

இதற்குப் புதிய ஆணையமோ மணிமண்டபமோ தேவையில்லை. சமூக நலத் துறை மனது வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை