மழுப்பல் எது, விடை எது?

அன்புள்ள மகளுக்கு,

புகார்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகவும், நீ அனுப்பிய பதிலொன்றை ஒருவர் ‘வெறும் மழுப்பல்’ என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதில் பொய் எதுவும் இல்லையே என்ற உன் கேள்வி நியாயமானது. மழுப்பலில் பெரும்பாலும் பொய் இருப்பதில்லை. பொய்யையாவது என்றேனும் சான்று காட்டி மறுக்கலாம், மழுப்பலிலோ மறுப்பதற்கென்று எதுவும் சொல்லப்பட்டிருக்காது.

நேராகச் சொல்லாத பதில்களெல்லாம் மழுப்பல் என்றும் எண்ணிவிடாதே. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டிக் காட்டும் சுட்டு, மறுத்துச் சொல்லும் மறை, உடன்பட்டுச் சொல்லும் நேர் என்னும் மூன்றும் வெளிப்படையானவை, மற்ற ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. “ஆடுவாயா?” என்று கேட்டால், “கால் வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல், “பாடுவேன்” என்பது இனமொழி. ‘ஆடமாட்டேன்’ என்ற சொல் இரண்டிலும் இல்லை. ஆயினும் கேட்டவருக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிடுவதால், இலக்கணம் அவற்றையும் விடையாக ஏற்கிறது. “அது குறித்து உரிய நேரத்தில் முடிவெடுக்கப்படும்” என்பதை அந்த எட்டில் எந்த வகையிலும் என்னால் சேர்க்க முடியவில்லை.

சப்பைக்கட்டு என்பது வேறு. அங்கே நொண்டிக் காரணமாவது ஒன்று சொல்லப்படுகிறது.

எழுத்துத் தமிழில் மழுப்பலுக்கு மிகவும் கைகொடுப்பது செயப்பாட்டு வினைதான். “ஆவன செய்யப்படும்”, “பரிசீலிக்கப்பட்டு வருகிறது” என்று எழுதும்போது, செய்பவர் யார், எப்போது செய்வார் என்பவை வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகின்றன. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்திருந்த வேளையில், 1987 ஜனவரியில் பேசிய அமெரிக்க அதிபர் ரீகன், கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அந்த வினையையே விலக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ‘யார்’ என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில் அதைக் கையாள்வது கேட்டவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆகவே, “தங்கள் புகார் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும்” என்ற வரியை நீக்கிவிட்டு, எந்த அலுவலர், எந்த நாளுக்குள் அதைப் பார்ப்பார் என்று எழுது. நாள் உனக்கே தெரியாதென்றால் தெரியவில்லை என்றே எழுது. அது மழுப்பல் ஆகாது. மேலதிகாரி பழைய வரியையே வைக்கச் சொன்னால், புகார் தந்தவர் கேட்டவற்றுள் எந்தக் கேள்வி அதனால் பதிலின்றி நிற்கிறது என்பதைப் பணிவாக அவருக்கு எடுத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா